முயல் ரொய்லட் செட்: போட்ட அஞ்சு ஸ்டாரை அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதுறன்

சாமான் வந்த முதல் கிழமையே அவசரப்பட்டு அஞ்சு ஸ்டாரும் போட்டு, தண்ணிப் போத்திலைப் பற்றிப் புழுகி ஒரு பந்தியும் எழுதினது நான்தான். அதை நம்பி ரெண்டு பேர் வாங்கினதா இன்பொக்ஸில சொல்லிச்சினம், அண்டையில இருந்து மனசு கேக்கேல்ல, அதால பழசை அழிச்சுப்போட்டு முழுக்கத் திரும்ப எழுதுறன். நீளமா வரும். முயல் வச்சிருக்கிற ஆக்கள் பொறுமையா வாசியுங்கோ, மற்ற ஆக்களுக்கு ஸ்டார் மட்டும் காணும்: தட்டுக்கு ஒண்டரை, மணலுக்கு முயலெண்டா பூச்சியம், போத்திலின்ர கதையைக் கடைசியில சொல்லுறன்.

செட் என்னெண்டா, முக்கோணமா ஒரு மூலைத் தட்டு, அதுக்கு மேல வைக்கிற பிளாஸ்ரிக் சல்லடை, அஞ்சு கிலோ மணல் பை ஒண்டு, கூட்டில கொழுவிற தண்ணிப் போத்தில் ஒண்டு. எல்லாம் சேத்து 6,800 ரூவா, கிளிநொச்சிக்கு டெலிவரி 550. ஒன்லைன் கடைதான், பேர் போடேல்ல, இதே செட்டை இதே போட்டோவோட பத்துப் பக்கத்தில விக்கிறாங்கள், ஒருத்தரை மட்டும் இழுத்து என்ன பிரயோசனம். பெட்டியில முயல் படம், பூனை படம், ஹம்ஸ்ரர் படம் மூண்டும் அடிச்சுக் கிடக்கு. அதைப் பாத்தே நான் யோசிச்சிருக்கவேணும். மூண்டுக்கும் ஒரே கக்கூசாம்.

எங்கட முயலின்ர பேர் தவிடன். தவிட்டு நிறம், ரெண்டே முக்கால் கிலோ, வாற மார்கழிக்கு நாலு வயசு. பரந்தன் பக்கம் ஒருத்தர் இறைச்சிக்கு வளத்ததில ஒரு குட்டியை மகள் அழுது அடம்பிடிச்சு வாங்கினவ. ரொய்லட் விசயத்தில எங்கட வீட்டு மனுசரை விட இவன் திறம், இந்தச் செட் வர முதல் மூண்டு வருசத்தில நிலத்தில விட்டது எண்ணி அஞ்சு ஆறு தரம் இருக்கும்.

நான் பழக்கினனான் எண்டு பெருமை அடிக்கேலாது. முயல் தானாவே ஒரு மூலையைத் தெரிஞ்செடுத்துத்தான் சலம் விடும், நாங்கள் செய்யவேண்டியது அந்த மூலைக்குத் தட்டைக் கொண்டுபோறதுதான், எங்களுக்குப் பிடிச்ச இடத்தில வச்சுப்போட்டு வா எண்டு கூப்பிட்டா வராது. இவன் விறாந்தையில தையல் மெசினுக்குப் பக்கத்து மூலையை எடுத்தான், நான் அதில உடுப்புத் தோய்ச்ச பழைய நீலப் பேசனை வச்சன், ஏறி இறங்கச் சுகமா ஒரு பக்க விளிம்பை இவர் வாளால அறுத்து வாசல் மாதிரி விட்டார், அடியில பேப்பர், அதுக்கு மேல ஒரு பிடி உமி, அதுக்கு மேல வைக்கல், தலைமாட்டில ஒரு கட்டுப் புல்லு. முயல் தின்னேக்கதான் போகும், போகேக்கதான் தின்னும், அதால புல்லு எங்க இருக்கோ அங்கதான் அவருக்குக் கக்கூசும். முதல் நாள் நாலைஞ்சு புழுக்கையையும் சலம் துடைச்ச கடதாசியையும் பேசனுக்குள்ள போட்டு மணம் காட்டினன், ரெண்டு கிழமையில பிடிச்சிட்டான். அஞ்சாறு மாசத்தில வயசு வந்த நேரம் கொஞ்ச நாள் கதிரைக் காலுக்கெல்லாம் பீச்சி அடிச்சுக்கொண்டு திரிஞ்சவன்தான், நலமடிக்காத கடுவனுக்கு அது வழமை, இவன் தானா அடங்கினான், எங்கட நல்ல காலம், எல்லாம் அப்பிடி அடங்காது.

பேந்தேன் புதுசு வாங்கினனீ எண்டு கேப்பியள். கனடா மச்சாள் மகளின்ர பிறந்தநாளுக்குக் காசு அனுப்ப, என்ர மகள் போனில பாத்த வெள்ளை முயல், வெள்ளைத் தட்டு, வெள்ளை மணல் வீடியோதான் வேணுமெண்டு நிண்டிட்டா. எனக்கும் நீலப் பேசன் ஆக்கள் வரேக்க கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

முதல்ல தட்டு. வீடியோவில பெரிசாத் தெரியுது, கையில வர பக்கம் 30 சென்ரிமீற்றர் கூட இல்லை. தவிடன் ஒருக்கா நீட்டி நிமிந்தா அதை விட நீளம். முயல் உள்ளுக்கு ஏறி ஒரு சுத்துச் சுத்தித் திரும்பி இருந்துதான் போகும், இதுக்குள்ள திரும்ப இடமில்லாம முன்பக்கம் உள்ளுக்கும் பின்பக்கம் வெளியிலயுமா நிண்டு, தான் சரியாத்தான் போறன் எண்ட நம்பிக்கையில முகத்தை வலு மரியாதையா வச்சுக்கொண்டு நேர நிலத்தில விட்டான். ஏசவும் மனம் வரேல்ல, அவனைப் பொறுத்த வரைக்கும் கால் தட்டுக்குள்ளதானே நிக்குது.

கொழுவிற கொக்கி ரெண்டும் கம்பிக் கூட்டுக்கெண்டு செய்தது. இஞ்ச ஆரிட்ட கம்பிக் கூடு இருக்கு, எங்கட கூடு இவர் பழைய பலகையில ஆட்டுக் கொட்டில் மாதிரிக் கட்டினது, அதில கொக்கி நிக்காது. ஒரு கல்லை வச்சுப் பாத்தன், தவிடன் கல்லைத் தள்ளிப்போட்டு, இரவு ரெண்டு மணிக்குத் தட்டைப் பல்லால கடிச்சுத் தூக்கி எறியத் தொடங்கினான், எறியிறதும் சும்மா இல்லை, நாங்கள் கண்ணயரும் மட்டும் பாத்திருந்து டமார் எண்டு ஒண்டு. பிறகு கட்டுக்கம்பியால முறுக்கிக் கட்டினம். அண்டைக்கே அவன் தட்டோட கோவம்.

சல்லடை தட்டை விட மோசம். நாய், பூனைக்கு உள்ளங்காலில மெத்தை இருக்கு, முயலுக்கு அது இல்லை, மயிர் மட்டும்தான், கட்டைக் கம்பியிலயும் சல்லடையிலயும் நெடுக நிண்டா குதிக்காலில மயிர் தேஞ்சு புண் வரும். எங்களுக்கு மூண்டாம் கிழமை பின்னங்கால் ஒண்டில பத்துச் சதக் குத்தியளவு சிவப்பு. அண்டைக்கே சல்லடையைக் கழட்டி எறிஞ்சன். இந்தத் தட்டுச் சின்னக் குட்டிக்கு ரெண்டு மாசத்துக்குச் சரிவரலாம், வளந்த முயலுக்குக் காசை ஆத்தில போடாதேங்கோ, 600, 700 ரூவாவுக்குச் சந்தையில விக்கிற அகலப் பேசன் ஒண்டை வாங்கி விளிம்பை அறுங்கோ.

இனி மணல். பையைத் திறக்க லாவெண்டர் மணம் விறாந்தை முழுக்க அடிக்குது, மகளுக்குச் சந்தோசம், முயல் மூக்கைச் சுழிச்சுக்கொண்டு பின்னுக்குப் போச்சு. அவனுக்குத் தன்ர மணம் இருந்தாத்தானே தன்ர இடமெண்டு தெரியும், நாங்கள் அதுக்கு மேல செண்டு அடிச்சா அவன் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது. மூண்டாம் நாள் பாத்தா மணலைக் கொறிக்கிறான். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஒரு தேக்கரண்டி மணலை எடுத்து தேத்தண்ணிக் கோப்பையில போட்டுக் கொஞ்சம் தண்ணி விட்டன். பத்து நிமிசத்தில ஊதிப் பெருத்து உளுத்தங்களி மாதிரி இறுகிப்போச்சு. கோப்பையைக் கவிட்டுப் பிடிச்சன், விழேல்ல. இது கட்டிபடுற களிமண், பூனை இதைத் தின்னாது, முயல் வாயில படுறதையெல்லாம் தின்னும், முயலால சத்தி எடுக்கவும் ஏலாது, உள்ளுக்கு இது ஊதினா குடல் அடைக்கும். பையின்ர முன்பக்கத்தில முயல் படம் போட்டு விக்கிறாங்களே, அதுதான் எனக்குக் கூடக் கோவம். கடைக்கு எழுதினன், "அக்கா கொஞ்சமாத் தின்னா ஒண்டும் செய்யாது" எண்டு ஒரு சிரிக்கிற பொம்மையும் சேத்துப் பதில் வந்தது.

சிலபேர் மரத்தூள் பாவிக்கிறவை, மரக்காலையில சும்மா அள்ளித் தருவாங்கள். மாத்தூள் மாதிரி நைசா வாறதுகள் மூக்குக்குள்ள போய்த் தும்மலும் சளியும் தரும், வெளிநாட்டுச் சாமான் வாற பெட்டிப் பலகையின்ர தூளெண்டா பைன் மரமா இருக்கும், அந்தப் பச்சைப் பைன் மணம் ஈரலுக்குக் கூடாது. உமி எங்களுக்கு எந்த மில்லுக்குப் போனாலும் கிடைக்கும், ஆனா உமி ஈரத்தை உறிஞ்சாது, மேலால வடிய விடும், அவ்வளவுதான். உறிஞ்சிறது அடியில இருக்கிற பேப்பர். ஞாயிறு வீரகேசரி மொத்தமா இருக்கும், ஒரு கட்டு மூண்டு நாளைக்குக் காணும், அம்மா மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் கிழிச்சு வச்சுப்போட்டு மிச்சத்தைத் தருவா.

சரி, இவ்வளவும் தெரிஞ்ச உடன தட்டையும் மணலையும் தூக்கிப்போட்டு பழைய நீலப் பேசனையே திரும்ப வச்சன். பிரச்சினை முடிஞ்சுதெண்டு நானும் நிம்மதியாப் படுத்தன், ஆனா கரைச்சல் அங்கதான் தொடங்கினது. பேசன் வந்தும் அவன் வழிக்கு வரேல்ல. பேசனுக்குள்ள ஏறுவான், கனநேரம் இருப்பான், ஒண்டும் வராது, இறங்கி ரெண்டடி வச்சவுடன நிலத்தில ஒரு சொட்டு. கதவடியில ஒரு சொட்டு. குசினிப் படியில ஒரு சொட்டு. மகள் ஒரு நாள் கொப்பியில கோடு போட்டு எண்ணினவ, பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டுற வரைக்கும் மட்டும் 14.

ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வைத்தியம் சொல்லிச்சினம். பக்கத்து வீட்டு மாமி, "எடி பிள்ளை, அவனுக்குக் கலியாண ஆசை, ஒரு பெட்டையைப் பிடிச்சு விடு" எண்டா. அம்மா கண்ணூறு எண்டா. இவர் அந்த வெள்ளைத் தட்டைப் பாத்துப் பயந்த பயம் இன்னும் தெளியேல்ல எண்டார். நான் அவன் என்னோட வீம்பு பிடிக்கிறான் எண்டு நினைச்சு ரெண்டு தரம் சத்தம் போட்டன், ஒரு தரம் தும்புத்தடியைத் தூக்கி வெருட்டியும் போட்டன். அதை நினைக்க இப்பவும் வயித்தைக் கலக்குது. பழகின முயல் ஒரு நாளும் வீம்புக்கு நிலத்தில விடாது. காஞ்ச புழுக்கை நாலைஞ்சை அங்கங்க சிந்திறதெண்டா அது தன்ர காணிக்கு வேலி போடுறது, புது முயலோ பூனையோ வீட்டுக்கு வந்தா செய்யும், கணக்கெடுக்கத் தேவையில்லை. நிண்டுகொண்டு சுவரிலயும் கதிரையிலயும் பீச்சி அடிக்கிறதெண்டா வயசுக் கோளாறு, நலமடிச்சாக் கனக்கக் குறையும். ஆனா இப்பிடிக் குந்திக் குந்திச் சொட்டுச் சொட்டா விடுறதெண்டா உள்ளுக்கு நோகுது. இது அந்த நேரம் எனக்குத் தெரியாது.

கண்டுபிடிச்சது அம்மாதான், அதுவும் அறிஞ்சு இல்லை. ஒரு நாள் விடியக் காலமை விறாந்தையில நிண்டு ஒரே சத்தம், "ஆரடி என்ர சுண்ணாம்பை இஞ்ச கொட்டினது?" எண்டு. அவ வெத்திலை போடுற ஆள், சுண்ணாம்புக் கரண்டகத்தை மகள்தான் எடுத்து விளையாடினவ எண்டு அவவுக்கு ஏச்சு. நான் போய்ப் பாத்தா சீமெந்து நிலத்தில கட்டைவிரல் அளவில வெள்ளைப் பசை, வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்பேதான், விரலால தொட்டு உரஞ்சிப் பாக்க நறநற எண்டுது. கரண்டகம் மூடினபடி தட்டத்தில இருக்கு. குனிஞ்சு மணந்து பாத்தன், சலம்.

தவிடனைத் தூக்கிப் பாத்தா பின்பக்கமெல்லாம் நனைஞ்சு, உள்தொடையில மயிர் கொட்டுண்டு சிவந்திருக்கு. கூனிக்கொண்டு இருந்து பல்லை நறும்புறான். முயல் பல்லு நறும்பினா நோவு எண்டு பிறகுதான் தெரியும், நான் ஏதோ சப்புறான் எண்டு விட்டிட்டன்.

அண்டைக்கு ஞாயிறு, பாமசியில கேப்பம் எண்டு இவர் போனார், அங்க நிண்டவர் சலக்கடுப்பு எண்டு கேட்டுப்போட்டு அமொக்சிசிலின் கப்சூல் தந்து, உடைச்சுத் தண்ணியில கரைச்சு வாயில பருக்கச் சொல்லிவிட்டார். நல்ல காலம் குடுக்க முதல் அடுத்த நாள் காலமை மிருக வைத்தியரிட்டக் கொண்டு போயிட்டன். அந்தக் கப்சூலைக் காட்ட மனுசன் கதிரையால எழும்பிட்டார். முயலுக்கு அந்த மருந்து வாயால போனா குடலுக்குள்ள இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்து, வயித்தால அடிச்சு முயலும் செத்துப்போகுமாம். முயல் வச்சிருக்கிற ஆக்கள் வேற எதை மறந்தாலும் இதை மறக்காதேங்கோ.

டொக்டர் நேர்மையான மனுசன், "தங்கச்சி, எனக்கு வாறது மாடும் ஆடும் கோழியும்தான், முயல் வருசத்தில நாலைஞ்சுதான்" எண்டு முதலே சொல்லிப்போட்டுத்தான் தொட்டவர். ஆனா வயித்தை மெல்லத் தடவிப் பாத்த உடன சலப்பைக்குள்ள சேறு எண்டிட்டார். மாடோ நாயோ மனுசரோ தங்களுக்குத் தேவையான அளவு கல்சியத்தைத்தான் குடலால எடுக்குமாம், முயல் அப்பிடியில்லை, சாப்பாட்டில வாறதில பெரும்பங்கை உள்ளுக்கு எடுத்துப்போட்டு மிச்சத்தைச் சலத்தோட கழிக்குமாம். அதாலதான் முயலின்ர சலம் எப்பவும் கொஞ்சம் கலங்கல். மஞ்சளா, செம்மஞ்சளா, சிலநேரம் தின்ன இலையின்ர சாயத்தில சிவப்பாவும் போகும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. தண்ணி குறைஞ்சு கல்சியம் கூடினாத்தான் அது அடியில படிஞ்சு சேறாகி, விட்டுக்கொண்டிருந்தாக் கல்லாகும்.

பிறகு ரெண்டு கேள்வி கேட்டார். என்ன தின்னுறான்? அதுக்கு நான் பதில் சொல்ல முதல் கூட வந்த அம்மா பெருமையாச் சொன்னா, முருங்கை இலை, அகத்தி, ரெண்டும் எங்கட வேலியில நிக்குது டொக்டர், நாளாந்தம் ஒரு கட்டு எண்டு. மாரியில காணி முழுக்கப் புல்லு, ஆனி ஆடியில சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினா அறுகு கூடக் கருகிப் போகும், பச்சையா நிக்கிறது வேலி மட்டும்தான், பாவம் அவ வேற என்னத்தைப் போடுறது. ரெண்டுமே கல்சியம் அள்ளிக் கிடக்கிற இலை. பிள்ளைத்தாச்சிக்குத் தேடித் தேடிக் குடுக்கிறதை நாங்கள் நலமடிக்காத கடுவனுக்கு மூண்டு நேரமும் குடுத்திருக்கிறம்.

ரெண்டாவது கேள்வி, தண்ணி எப்பிடிக் குடிக்கிறான்? நான் இப்ப பெருமையாச் சொன்னன், போத்தில் டொக்டர், சிந்தாது, எறும்பு வராது, கோழி வந்து கால் வைக்காது, அரை லிற்றர் விட்டா நாலைஞ்சு நாளைக்கு நிக்குது எண்டு. அவர் பேனையை வச்சிட்டு என்னைப் பாத்தார். முயல் கிலோவுக்கு 50 தொடக்கம் 150 மில்லி வரைக்கும் ஒரு நாளைக்குக் குடிக்கும், இவன்ர பாரத்துக்கும் இந்த வெக்கைக்கும் அரை லிற்றர் ரெண்டு நாளுக்கு மேல நிக்கவே கூடாது, வீட்டை போன உடன அந்தக் குண்டை விரலால அமத்திப் பாருங்கோ எண்டார்.

வந்த வரத்தில செருப்பும் கழட்டாம போய் அமத்தினன். போத்தில் வாயில ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கு, முயல் நாக்கால அதைத் தள்ளினா ஒரு சொட்டு வரும். தள்ளினன், அசையேல்ல. நகத்தை வச்சு அமத்தினன், ஒரு வெள்ளைப் பொருக்குக் கழண்டு கையில விழுந்தது, பிறகு ஒரு சொட்டு வந்தது, திரும்ப இறுகிச்சு. எங்கட கிணத்துத் தண்ணியின்ர குணம் இஞ்ச எல்லாருக்கும் தெரியும், புதுக் கேத்தில் ஒண்டு வாங்கினா ஒரு மாசத்தில அடியில வெள்ளையாப் படிஞ்சிடும். குடிக்கிறதுக்கு நாங்கள் கானில வடிகட்டின தண்ணி எடுக்கிறம், முயலுக்கு ஆர் எடுக்கிறது, கிணத்துத் தண்ணிதான் விட்டது, அது குண்டைச் சுத்திப் படிஞ்சு பூட்டுப் போட்ட மாதிரிப் பிடிச்சிட்டுது. இந்த 35 பாகை வெயிலில அந்தச் சீவன் நாள் முழுக்க இரும்பை நக்கிப்போட்டு இருந்திருக்கு, நான் இஞ்ச அஞ்சு ஸ்டார் போட்டுத் "தண்ணி வீணாகாது, சரியான சிக்கனம்" எண்டு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன்.

முந்தி மண்சட்டியில வச்சனான். கோழி கிளறும், எறும்பு விழும், ஒரு நாளைக்கு மூண்டு தரம் மாத்தவேணும், எனக்கு அலுப்பு. ஆனா சட்டியில வச்சா முயல் நாய் மாதிரி வாய் வச்சு வடிவாக் குடிக்கும், போத்திலில சொட்டுச் சொட்டா நக்கிறதை விட எப்பவும் கூடத்தான் குடிக்கும், குண்டு இறுகாட்டிலும் கூட.

வைத்தியம் எண்டா, தோலுக்குக் கீழ சேலைன் மூண்டு நாள் ஏத்தினவர், நோவுக்கு ஒரு மருந்து துளிக் கணக்கில. சலப்பையை வீட்டில நாங்கள் அமத்திப் பாக்கக்கூடாது, வெடிச்சா முடிஞ்சுது எண்டு வெருட்டித்தான் விட்டவர். குறையாட்டி எக்ஸ்ரே எடுக்கவேணும், கல்சியம் எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும், பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டி வரலாம் எண்டார், இந்த வெயிலில முயலைப் பெட்டியில வச்சு பஸ்ஸில பேராதனைக்குப் போறதை யோசிச்சு நான் ரெண்டு இரவு நித்திரை கொள்ளேல்ல. அதுக்கு அவசியம் வரேல்ல. முருங்கையும் அகத்தியும் முழுக்க நிப்பாட்டினம், இவர் வேலையால வரேக்க இரணைமடு வாய்க்கால் பக்கம் நிண்டு கினிப்புல்லு ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வருவார், சிறுபோகத் தண்ணி ஓடுறதால அங்க மட்டும் பச்சை. வயல் வரம்பில வெட்டவேண்டாம், களைக்கு மருந்தடிச்சிருப்பாங்கள், வெட்டத்தான் வேணுமெண்டா வயல்காரரைக் கேட்டுப்போட்டு வெட்டுங்கோ. புல்லைத் தண்ணியில அலசி உதறாம ஈரத்தோடயே குடுக்கிறது, அதால கொஞ்சம் தண்ணி உள்ளுக்குப் போகும். மத்தியானம் ஐஸ் போட்ட போத்திலைத் துணியால சுத்தி அவனுக்குப் பக்கத்தில வச்சா சாஞ்சுகொண்டு படுப்பான்.

ஆறாம் நாள் பேசனுக்குள்ள ஒரு பெரிய குளம். சத்தியமா நான் மகளைக் கூப்பிட்டுக் காட்டினன், ரெண்டு பேரும் நிண்டு பாத்தம். ஆனா முழுப் பழக்கமும் திரும்ப இன்னும் ரெண்டு கிழமை எடுத்தது, ஏனெண்டா அவனுக்குப் பேசனுக்குள்ள இருந்தா நோகும் எண்டு மனசில பதிஞ்சு போச்சு, அதோட விறாந்தை முழுக்க அவன்ர மணம். சவர்க்காரம் போட்டுக் கழுவினா எங்கட மூக்குக்குத்தான் போகும், அவன்ர மூக்குக்குப் போகாது. வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்திப் பத்து நிமிசம் விட்டுத் தேய்ச்சன், அந்த வெள்ளைப் படிவு நுரைச்சுக்கொண்டு கழண்டு வருது. குளோரின் போடாதேங்கோ, சலத்தோட சேந்து கண்ணெரியிற புகை வரும். அவன் கூட விட்ட கதவடி மூலையில ரெண்டாவது பேசன் ஒண்டும் வச்சன், ஒரு கிழமைக்குப் பிறகு அதை நாளுக்கு ஒரு சாண் நகத்தி நகத்திப் பழைய மூலைக்குக் கொண்டு போய்ச் சேத்தன்.

கடையைப் பற்றியும் சொல்லவேணும். டெலிவரி ரெண்டு நாளில வந்தது, பொதி நல்லாக் கட்டியிருந்தது, கொண்டு வந்த தம்பி மரியாதையானவர், அதுக்குக் குறை சொல்ல ஏலாது. திருப்பி எடுக்கக் கேட்டதுக்குப் "பாவிச்ச சாமான் எடுக்க மாட்டம் அக்கா" எண்டிச்சினம், அதுவும் ஞாயம். முயல் படத்தை மணல் பையில இருந்து எடுங்கோ எண்டு சொன்னன், அது கொம்பனி அடிச்சு வாறது எண்டிச்சினம். சரி, உங்கட பக்கத்தில போடுற விளம்பரத்திலயாவது எடுங்கோ எண்டன், அதுக்குப் பதிலில்லை, இண்டைக்குக் காலமை பாத்தன், அப்பிடியே கிடக்கு.

போத்திலுக்கு எத்தினை ஸ்டார் எண்டு யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். சாமானில பிழையில்லை, நல்ல தண்ணி உள்ள ஊரில இது நல்லா வேலை செய்யும்போல, வினாகிரியில ஊறப் போட்டா குண்டு திரும்ப உருளுது. ஆனா இஞ்சத்தைத் தண்ணிக்கு நாளுக்கு ஒருக்கா விரலால அமத்திப் பாக்க உங்களால ஏலுமெண்டா மட்டும் வாங்குங்கோ, அது ஏலுமெண்டா சட்டித் தண்ணியை மாத்தவும் ஏலும்தானே. அதால ஒரு ஸ்டார். என்ர பழைய ரிவியூவைப் பாத்து வாங்கின அந்த ரெண்டு பேரும் இதைக் கண்டா இப்பவே எழும்பிப் போய் ஒருக்கா அமத்திப் பாருங்கோ.

தட்டில இப்ப அம்மா கறிவேப்பிலைக் கண்டு வச்சிருக்கிறா. மணலில கொஞ்சத்தை இவர் மோட்டச்சைக்கிளுக்குக் கீழ ஒயில் ஒழுகின இடத்தில கொட்டினவர், அதுக்கு நல்லா உறிஞ்சுது, மிச்சம் முக்கால் பை கிடக்கு. உருத்திரபுரம் பக்கம் பூனை வச்சிருக்கிற ஆரும் இருந்தா இன்பொக்ஸில சொல்லிப்போட்டு வந்து எடுங்கோ, காசு வேண்டாம்.